ஐம்பதில் நின்ற முள்

கடிகாரம் இல்லை அக்கா. பார்க்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். டிக்கெட் கொடுத்த கண்டக்டர்கூட இதைப் பார்த்துத்தான் மணி கேட்டார். இது ஈரம் பார்க்கிற மீட்டர். காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று சொல்லும். பூஜ்யத்திலிருந்து நூறு வரை எண், நடுவில் ஒரே ஒரு முள். கோழிமுட்டை பொரிக்கிற மிஷினுக்குள் மாட்டுவார்கள்.

இல்லை, நான் கோழி வியாபாரம் செய்யவில்லை. மிஷின்கூட இப்போது எங்கள் வீட்டில் இல்லை, மீட்டர் மட்டும்தான் இருக்கிறது. அண்ணி எடுத்து வரச் சொன்னார். ஈரோட்டில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், மூன்று வாரமாகிறது.

ஷட்டரை இன்னும் கொஞ்சம் இறக்கிக்கொள்ளுங்கள் அக்கா. சாரல் உங்கள் மேல் அடிக்கிறது.

நான் இப்படி யாரிடமும் பேசுகிறவள் இல்லை. எங்கள் ஊரில் கேட்டால் சொல்வார்கள். கல்லூரியில் மூன்று வருஷம் விலங்கியல் படித்தேன், கூட உட்கார்ந்திருந்த பெண்ணுக்கே என் குரல் சரியாகத் தெரியாது. பேசுவதில்லையே தவிர, பார்ப்பேன். எனக்குக் கண் நன்றாகத் தெரியும். யார் முகம் எப்போது மாறுகிறது, எந்தப் பொருள் எங்கிருந்து எங்கே நகர்ந்திருக்கிறது எல்லாம் பார்ப்பேன். உங்களிடம் பேசுவது ஏன் என்றால், நீங்கள் சென்னிமலையில் இறங்கிவிடுவீர்கள். மறுபடி பார்க்கப் போவதில்லை.

அண்ணி பெயர் துளசிமணி. கல்யாணத்துக்கு முன்பே நூல் மில்லில் வேலை. கல்யாணமான பிறகும் போனார். அதிகாலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். இறங்கும்போது புருவத்தில், காதோரத்தில், மூக்குக்குள் எல்லாம் பஞ்சு இருக்கும். வாசலிலேயே நின்று முந்தானையால் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். ஏழு வருஷம் அப்படிப் போனார். அதற்குப் பிறகு இருமல் வந்தது. இருமல் இழுப்பாக மாறியது. மாடிப்படியில் நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குவார். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் பஞ்சுத் தூசி ஆகவே ஆகாது என்று சொல்லிவிட்டார்.

அண்ணன் கெட்டவன் இல்லை. லோகநாதன் என்றால் எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும், பால் வண்டி ஓட்டுகிறான். ஆனால் வீட்டுக்கு இன்னொரு சம்பளம் வேண்டும் என்பது அவன் தலையில் ஓடிக்கொண்டே இருந்தது. அண்ணிதான் கேட்டார், "ஒரு மிஷின் வாங்கிக் குடுங்க, நாட்டுக்கோழிக் குஞ்சு பொரிச்சு விக்கறேன். ஊட்டுக்குள்ளயே இருந்து பண்ணிக்கலாம்" என்று. யாரோ வேண்டாமென்று போட்டுவிட்ட பழைய மிஷின் ஒன்று கிடைத்தது. மரப்பெட்டி, முன்னால் கண்ணாடிக் கதவு, நூறு முட்டை பிடிக்கும்.

அண்ணன் அன்றைக்கே சொல்லிவிட்டான்.

"இட்லிக்கே ரெண்டு ஈடு பாத்துத்தான் மாவு எப்படின்னு சொல்லுவாங்க. இதுக்கும் ரெண்டு ஈடு. ரெண்டுலயும் பாதிக்கு மேல பொரிஞ்சுதுன்னா மில்லுப் பேச்சே எடுக்க மாட்டேன். இல்லீன்னா வேன் ஏறோணும் துளசி. அப்பறம் இழுப்பு, இருமல்னு சொல்லப்படாது."

"ஏறிக்கறேன்" என்றார் அண்ணி. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "நூறுல அம்பது பொரிக்கறதுக்கா இத்தன மெரட்டு?"

மிஷினை என் அறையில் வைத்தார்கள். அந்த ஒரு அறைக்குத்தான் மேற்கே ஜன்னல் கிடையாது, காற்றடிக்காது. என் கட்டிலை எடுத்து ஹாலில் போட்டார்கள், புத்தகமெல்லாம் டிவி ஸ்டாண்டுக்குக் கீழே போயிற்று. நான் அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். இருந்தாலும் ஒன்றும் சொல்லவில்லை. அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிறவள் இல்லை நான்.

முதல் ஈடு ஆடியில் வைத்தோம். அப்போது எல்லாம் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அண்ணி எட்டாவது வரைதான் படித்தவர். ஒரு நோட்டில் எழுதி ஒட்டிவைத்தேன். முதல் பதினெட்டு நாள் ஈரம் ஐம்பதைத் தாண்டக்கூடாது. கடைசி மூன்று நாள் அறுபத்தைந்துக்கு ஏற்ற வேண்டும். அந்த மூன்று நாளும் முட்டையைத் திருப்பக்கூடாது, கதவைத் திறக்கவும் கூடாது.

"ஏம் பாப்பா, ஈரம் கூடுனா நல்லதுதானே?" என்று கேட்டார். "எங்க மில்லுல மேலருந்து புகையாட்டம் தண்ணி தெளிச்சுக்கிட்டே இருக்கும். ஈரம் கொறஞ்சா நூலு பட்டு பட்டுன்னு அறுந்துரும். சூப்பர்வைசர் வந்து எங்களைத்தான் திட்டுவாரு."

"நூலுக்கு அப்படி. முட்டைக்கு வேற, அண்ணி."

முட்டைக்குள் இருக்கிற தண்ணீரில் கொஞ்சம் ஓடு வழியாக வெளியே போக வேண்டும். போகப் போகத்தான் தடித்த முனையில் காற்றறை பெரிதாகும். கடைசியில் குஞ்சு ஓட்டை உடைப்பதற்கு முன்னால் அந்தக் காற்றறைக்குள் மூக்கை நுழைத்து முதல் மூச்சு விடும். வெளியே ஈரம் அதிகமாக இருந்தால் உள்ளே இருக்கிற தண்ணீர் போகாது. காற்றறை சின்னதாகவே நின்றுவிடும். குஞ்சு முழுசாக வளர்ந்திருக்கும், ஆனால் மூச்சு விட இடம் இருக்காது. ஓட்டுக்குள்ளேயே தண்ணீரில் மூழ்கிச் செத்துப்போகும்.

நான் இதைச் சொன்னபோது அண்ணி முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"அடப் பாவமே. பொறக்கறதுக்கு முன்னாடியே மூச்சு முட்டுமா?"

அதற்குப் பிறகு அவர் ஒரு பென்சிலை எடுத்து வைத்துக்கொண்டார். ஏழாம் நாள், பதினான்காம் நாள், பதினெட்டாம் நாள் அறையை இருட்டாக்கிவிட்டு ஒவ்வொரு முட்டையாக டார்ச் மேல் வைத்துப் பார்ப்பார். காற்றறை எதுவரை இறங்கியிருக்கிறதோ அங்கே ஓட்டின் மேலேயே கோடு போடுவார். ஒன்றுகூட விடமாட்டார். ஆடிக்காற்று எங்கள் பக்கம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். துவைத்துப் போட்ட துணி அரை மணியில் மொறமொறவென்று ஆகிவிடும். ஈரத்துக்காக மிஷினுக்குள் வைக்கிற தட்டில் ஊற்றுகிற தண்ணீர் நிற்காது. ஒரு நாளைக்கு மூன்று தடவை ஊற்றினார்.

"கண்ண நம்பறதா, மீட்டர நம்பறதா பாப்பா?" என்று கேட்பார்.

"மீட்டரைத்தான் நம்போணும் அண்ணி. கண்ணுக்கு ஈரம் தெரியாது."

நூறில் எழுபத்திரண்டு பொரிந்தது. அண்ணி கண்ணாடிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணினார். அண்ணன் வண்டியிலிருந்து இறங்கி வந்து பார்த்துவிட்டு, "மொத ஈடு பாஸு" என்றான். அன்றைக்கு அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார், "இது உன்ற கையால வந்துச்சு பாப்பா." அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அப்புறம் மிஷினைக் கழுவி வைக்கிற வேலை. ஓட்டுத் தூளும் இறகும் ஒட்டிக்கிடந்தது. அண்ணிக்கு அந்தத் தூசி ஆகாது என்று நான்தான் செய்தேன். மீட்டரைக் கழற்றும்போது கை தவறிக் கீழே விழுந்துவிட்டது. சிமெண்ட் தரை. கண்ணாடி உடையவில்லை, முள்ளும் நின்றுபோகவில்லை. துடைத்து ஜன்னல் மாடத்தில் வைத்துவிட்டேன். உடையாத பொருளைப் பற்றி வீட்டில் என்ன சொல்வது?

அந்த வாரம்தான் மூலனூர்ப் பக்கமிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். நான் காபி கொடுத்துவிட்டு வந்து நின்றேன். மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணு ஒண்ணுமே பேச மாட்டீங்குதே" என்றார். அண்ணி உடனே சிரித்துக்கொண்டு சொன்னார்.

"எங்க பாப்பாங்களா? ஊட்டுக்குள்ள இருக்கறதே தெரியாதுங்க. நான் கல்யாணமாகி வந்து மூணு மாசங்கழிச்சுத்தான் இதுக்குப் பேச்சு வரும்னே எனக்குத் தெரிஞ்சுது."

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் மாமா ஒருத்தர், "அப்ப நம்ம பையன் குடுத்து வெச்சவன்தானுங்க" என்றார். அதற்கும் சிரித்தார்கள். அண்ணி என்னை உயர்த்தித்தான் சொன்னார், எனக்குத் தெரியாதா? அவர்கள் போனார்கள். பதில் வரவில்லை. அது அண்ணி சொன்னதால் என்று நான் நினைக்கவே இல்லை. அம்மாகூட ஒருநாள் அப்படிக் கேட்டபோது, தெரியவில்லை என்றுதான் சொன்னேன்.

வாயே திறக்காத பெண் என்று பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டார். சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது ஈடு ஐப்பசியில். அதற்கு முன்னால் எனக்கு ஒரு சந்தேகம். விழுந்த மீட்டராயிற்றே என்று. அதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது அக்கா, ரொம்ப எளிது. பாட்டில் மூடியில் உப்பு எடுத்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, சேறு மாதிரி ஆக்கிக்கொள்ள வேண்டும். அதையும் மீட்டரையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து இறுக்கி மூடிவிட வேண்டும். அந்த டப்பாவுக்குள் ஈரம் சரியாக எழுபத்தைந்தில் வந்து நிற்கும். எந்த ஊராக இருந்தாலும் எழுபத்தைந்துதான், உப்பின் குணம் அது. மீட்டரும் எழுபத்தைந்து காட்டினால் சரி.

காலையில் வைத்தேன். மத்தியானம் அண்ணி சேலை எடுக்க வந்தவர் அலமாரியில் டப்பாவைப் பார்த்துவிட்டார். குனிந்து உற்றுப் பார்த்தார்.

"இதென்ன பாப்பா, கடிகாரத்த ஊறுகா போட்டிருக்கற?"

"ஒண்ணுமில்ல அண்ணி. படிப்புக்கு."

"படிச்சவங்க ஊறுகாயே தனி போல" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே போனார். சிரித்ததில் இழுப்பு வந்துவிட்டது. ஹாலில் உட்கார்ந்து மூச்சு வாங்கியது எனக்குக் கேட்டது.

பொழுது இறங்கும்போது டப்பாவைத் திறந்தேன். அறுபது காட்டியது.

எழுபத்தைந்து காட்ட வேண்டிய இடத்தில் அறுபது. பதினைந்து குறைவு. அதாவது, அது ஐம்பது என்று காட்டினால் உண்மையில் அறுபத்தைந்து. மீட்டரின் முதுகில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது பாருங்கள், இதோ. இதைத் திருப்பினால் முள் நகரும். அது அன்றைக்கே எனக்குத் தெரியும்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் சமையலறைக்குப் போனேன். உண்மையாகவே சொல்லத்தான் போனேன். அண்ணி கோதுமை மாவு பிசைந்துகொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார்.

"பாப்பா, இந்த ஈடு நானே பாத்துக்கறேன். நீ மிஷினத் தொட வேண்டாம். உன்ற படிப்புக் கெடுது. எனக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு."

தொட வேண்டாம் என்று அவர்தான் சொன்னார். மிஷின் என்றால் மீட்டரும் சேர்த்துத்தானே? சரிங்க அண்ணி என்றேன். மீட்டரைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். அவரே அதை உள்ளே மாட்டினார், நூறு முட்டையையும் அவரே அடுக்கினார். நல்ல ஜாதி முட்டை, சிறுவிடைக் கோழி. நாலு ஊர் அலைந்து சேர்த்தது.

அந்த ஐப்பசியில் மழை எப்படிப் பெய்தது என்று நினைவிருக்கிறதா அக்கா? இன்றைக்குப் பெய்கிறதே, இதே மாதிரி பதினைந்து நாள். துணி நாலு நாளைக்குக் காயவில்லை. உப்புஜாடியில் உப்பு நீர்த்து நின்றது. அப்பளம் பொரித்து வைத்தால் சாதம் போட்டுத் திரும்புவதற்குள் தொய்ந்துவிடும். வீட்டுக்குள் சுவரைத் தொட்டால் கை நனைந்தது. அப்படிப்பட்ட நாளில் மிஷினுக்குள் முள் முப்பத்தைந்து, நாற்பது என்று நின்றது. அண்ணி தட்டில் தண்ணீர் ஊற்றினார். ஐம்பது வரும்வரை ஊற்றினார். ஐம்பது வந்ததும் நிறுத்தினார். நான் எழுதி ஒட்டிய நோட்டில் இருந்தபடி, ஒரு சொட்டு கூடாமல் குறையாமல்.

ஹாலில் என் கட்டிலிலிருந்து பார்த்தால் மிஷினின் கண்ணாடி நேராகத் தெரியும். கண்ணாடியின் ஓரத்தில் உள்பக்கம் நீர்த்துளி கோத்திருக்கும். நான் தினமும் பார்த்தேன்.

ஒருநாள் அண்ணி மிஷினுக்குப் பக்கத்தில் நின்று, "இங்க வந்து நின்னா மில்லுக்குள்ள நிக்கறாப்புலயே இருக்குது, மூச்சடைக்குது" என்றார். பிறகு அவரே எட்டி மீட்டரைப் பார்த்துவிட்டு, "அம்பதுதான் காட்டுது. எனக்குத்தான் மனசுக்குள்ள இருக்குது போல" என்று சொல்லிக்கொண்டார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பொதுவாகச் சொன்னார்.

பதினான்காம் நாள் அறையை இருட்டாக்கிவிட்டுக் கூப்பிட்டார்.

"பாப்பா, செத்த வந்து பாரு. போன ஈட்டுல இந்நேரத்துக்குக் காத்தறை இவ்வளவு எறங்கியிருந்துச்சு. இப்பப் பாரு, ஒரு ரூவா அகலங்கூட இல்ல. எல்லா முட்டையும் இப்படித்தான் இருக்குது."

டார்ச் வெளிச்சம் முட்டை வழியாக வந்து அவர் முகத்தில் சிவப்பாக விழுந்தது. நான் பார்த்தேன். அவர் சொன்னது சரி. உள்ளே குஞ்சு அசைந்தது, கருப்பாக.

"மீட்டர் எவ்வளவு காட்டுது அண்ணி?"

"அம்பது. தாண்டவே உடல."

"அப்பச் சரிதான்."

"சரிதானே?"

"சரிதான் அண்ணி."

"நீ சொன்னாச் சரி" என்றார். பென்சிலால் கோடு போட்டுவிட்டு முட்டையை உள்ளே வைத்தார்.

நீங்கள் என்னை அப்படிப் பார்க்காதீர்கள் அக்கா. அவர் கேட்டது காற்றறையைப் பற்றி. மீட்டர் சரியா என்று கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். மீட்டரைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை. நான் பொய்யும் சொல்லவில்லை. முள் ஐம்பதில்தான் நின்றது.

பதினெட்டாம் நாள் அறுபத்தைந்துக்கு ஏற்றினார். அந்த மீட்டரில் அறுபத்தைந்து. நீங்களே கூட்டிப் பாருங்கள். கதவை மூடி, பக்கத்து வீட்டுக் குழந்தைகள் யாரும் வந்து திறந்துவிடக்கூடாது என்று கைப்பிடியில் ஒரு துண்டைக் கட்டிவைத்தார்.

இருபதாம் நாள் சாயங்காலம் சத்தம் கேட்டது. முட்டைக்குள்ளிருந்து கீச் கீச்சென்று. அண்ணி கண்ணாடியில் காதை வைத்துக்கொண்டு என்னைக் கையால் கூப்பிட்டார். "கேக்குதா? கேக்குதா பாப்பா? எத்தன சத்தம் பாரு. போன தடவையவிட அதிகம்." அவ்வளவு சந்தோஷம். நானும் காதை வைத்துக் கேட்டேன். நிறையக் கேட்டது. முட்டைகள் லேசாக ஆடின.

மறுநாள் காலையில் சத்தம் குறைந்திருந்தது. இரண்டு மூன்று முட்டையில் மட்டும் ஓடு விரிசல் விட்டிருந்தது. அண்ணி, "தூங்குதுங்க போல" என்றார். மத்தியானம் ஒன்றிரண்டு சத்தம்தான். அண்ணி சாப்பிடவில்லை. மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணாடியை விரலால் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தார். வா, வா என்று தட்டினார். திறக்கவில்லை. திறக்கக்கூடாது என்று நோட்டில் எழுதியிருந்தேனே.

இருபத்திரண்டாம் நாள் மத்தியானம் அண்ணன் வந்து துண்டை அவிழ்த்தான். பதினொன்று வெளியே வந்திருந்தது. பிசுபிசுவென்று, தொப்புள் மூடாமல், வயிறு ஊதி. பொழுது போவதற்குள் நாலுதான் மிச்சம். பாக்கி எண்பத்தொன்பது முட்டையில் ஒன்றை எடுத்து அண்ணன் தரையில் தட்டி உடைத்தான். தண்ணீர் வடிந்தது. உள்ளே முழுக் குஞ்சு. இறகு, நகம், அலகு எல்லாம் இருந்தது. அலகு தண்ணீருக்குள் இருந்தது.

"எல்லாங் கூமுட்ட" என்றான் அண்ணன்.

"கூமுட்ட இல்லீங்க" என்றார் அண்ணி. "கூமுட்டைன்னா உள்ள குஞ்சே இருக்காது."

அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ஒரு பேப்பரை விரித்தார். ஒவ்வொரு முட்டையாக உடைத்து, குஞ்சை எடுத்து, வரிசையாகப் படுக்க வைத்தார். முந்தானையால் ஒவ்வொன்றின் மூக்கையும் துடைத்தார். எண்பத்தொன்பதும். அழவில்லை. இழுப்பு மட்டும் வந்துகொண்டிருந்தது, விசில் மாதிரி. நடுவில் ஒரு தடவை, "ஈரம் அம்பதுலதான் வெச்சிருந்தேன்" என்றார். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் மீட்டரைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாதான் வாசல்படியில் நின்று சொன்னாள். "மொத ஈட்டுல பாப்பா கை பட்டுச்சு, பொரிஞ்சுது. இந்த ஈடு முழுக்க இவ கை. இவ கை ராசி அப்படி, நாம என்ன பண்றது?"

அம்மா அப்படிச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. பெரியவர்கள் பேசும்போது நடுவில் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை.

அண்ணி தன் உள்ளங்கை இரண்டையும் விரித்து ஒரு தடவை பார்த்தார். அவ்வளவுதான்.

"திங்கக்கெழம வேன் வருது. அஞ்சரைக்கு ரெடியா இரு" என்றான் அண்ணன். அவனும் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை போனார். அதற்குப் பிறகு கோழி, குஞ்சு, முட்டை என்ற பேச்சையே எடுக்கவில்லை. மிச்சமான நாலு குஞ்சுக்கும் அம்மாவைத்தான் தீனி போடச் சொன்னார். என் கை வேண்டாம் அத்தை என்றார். தண்ணீர்கூட வைக்கமாட்டார். முட்டை வாங்கி வந்தால் அதை எடுத்து உடைத்து ஊற்ற என்னைக் கூப்பிடுவார். மிஷினை அண்ணன் யாருக்கோ கொடுத்துவிட்டான். என் கட்டில் பழையபடி என் அறைக்கு வந்தது. அறை கொஞ்ச நாள் நாறியது, பிறகு சரியாகிவிட்டது. நன்றாகப் படிக்க முடிந்தது.

ஒரு வருஷம் மில்லுக்குப் போனார் அக்கா. முகத்தில் துணி கட்டிக்கொண்டு போவார். மார்கழியில் இருமல் அதிகமாயிற்று. சித்திரையில் மெலிந்துவிட்டார். ஆடியில் ஒருநாள் வேனிலிருந்து இறங்கினவர் வாசலில் பஞ்சைத் தட்டக் கையைத் தூக்கினார், தூக்கின கை அப்படியே நின்றது. உட்கார்ந்துவிட்டார். பிறகும் இரண்டு மாதம் போனார். இப்போது ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். நுரையீரல் விரியவில்லையாம். டாக்டர் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அண்ணன் வெளியே வந்து, படியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிக் கழற்றி மாட்டினான்.

நேற்று நான் பக்கத்தில் இருந்தேன். அண்ணி முகத்திலிருந்த மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினார். ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு. நான் என்னவோ தண்ணீர் கேட்கிறார் என்று குனிந்தேன்.

"பாப்பா... அன்னிக்கி டப்பாக்குள்ள... கடிகாரத்த ஊறுகா போட்டிருந்தியே..."

நான் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

"அது எதுக்கு?... மீட்டரு... சரியா இருந்துச்சா?"

பார்த்தீர்களா, ஒரு வருஷம் கழித்துக் கேட்கிறார். ஒரு வருஷம் அதை உள்ளேயே வைத்திருந்திருக்கிறார். நான் பதில் சொல்வதற்குள் நர்ஸ் வந்து மாஸ்க்கை மாட்டிவிட்டு என்னைத் திட்டினார். நாளைக்குச் சொல்றேன் அண்ணி என்றேன். அவர் கையைக் காட்டினார், வட்டமாக, எடுத்துக்கொண்டு வா என்று. அப்புறம் அந்தக் கையையே திருப்பி உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார்.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று தெரிகிறது அக்கா. இப்போதாவது சொல்லிவிடு என்கிறீர்கள். நானும் நேற்றிலிருந்து யோசித்தேன். அவர் இருக்கிற நிலைமையில் சொல்லி என்ன ஆகப்போகிறது? செத்த குஞ்சு திரும்பி வராது, அந்த நுரையீரலும் திரும்பி வராது. மீட்டர் தப்பு என்று தெரிந்தால் மனசு எவ்வளவு வேதனைப்படும்? நோயாளிக்கு நிம்மதி முக்கியம். சரியாகத்தான் இருந்தது அண்ணி, நம் கையில் என்ன இருக்கிறது, எல்லாம் ராசி என்று சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். அவருக்கும் மனசு ஆறும். நான் யாருக்கும் கெடுதல் நினைத்தவள் இல்லை.

சென்னிமலை வந்துவிட்டது போலிருக்கிறது. பையை எடுத்துக்கொள்ளுங்கள். குடை அங்கே சீட்டுக்குக் கீழே.

ஆனால் அண்ணி மில்லில் இருந்தவர். காற்றைத் தொட்டே ஈரம் சொல்லிவிடுவார். இந்த மழையில் மீட்டர் குறைவாகக் காட்டினால் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவார், இல்லையா? அதனால் காலையில் கிளம்பும்போது அம்மாவின் தையல்மிஷின் ஸ்க்ரூடிரைவரை எடுத்து, முதுகிலிருக்கிற திருகை ஒரே ஒரு திருப்புத் திருப்பினேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

இறங்குவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள் அக்கா. எண்பத்தெட்டு. வெளியே இவ்வளவு மழைக்கு எண்பத்தெட்டு இருக்கும்தானே?

பாருங்கள். சரியாகத்தான் காட்டுகிறது.